கேள்வி ஞானமும் கைப்பேசி ஞானமும்

பாடற்குழு மாணவியர்

குருவிடம் அமர்ந்து முறைப்படி கற்காமல், கோயிலிலும் கல்யாண வீட்டிலும் வானொலியிலும் கேட்டுக் கேட்டே இசையை அறிந்துகொண்டவர்களை நம் பெரியவர்கள் ‘கேள்வி ஞானம் உள்ளவர்’ என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதையும் உண்டு. ‘முறையாகப் படித்தவர் அல்லர்’ என்ற சிறு குத்தலும் உண்டு. இப்போது மூன்றாவதாக ஒரு வகையினர் தோன்றியிருக்கிறார்கள். பாடலைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டுவிட்டால் போதும். எந்த அடியில் எந்தக் கார்டு பிடிக்க வேண்டும் என்று அதுவே திரையில் வரிசையாக எழுதிக் காட்டிவிடுகிறது. படிக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், பார்த்தால் போதும். இதற்கு நாங்கள் ‘கைப்பேசி ஞானம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த இரண்டு ஞானங்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு இந்த ஆண்டு எங்கள் பாடற்குழு ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் வாதாடிற்று. பதின்மூன்று பேர் கொண்ட குழுவில் வாதம் நடந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! இசை அறைக்கு அடுத்த வகுப்பு ஆசிரியை இரண்டு முறை கதவைத் தட்டினார்கள்.

கார்டு என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. மூன்று சுரங்களையோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதுதான் கார்டு. ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேஜர். நடுவிலுள்ள காந்தாரத்தை மட்டும் அரைச் சுரம் இறக்கிவிட்டால் மைனர். முன்னது வெளிச்சமாகவும் பின்னது சற்று இருண்டும் கேட்கும். நம் கர்நாடக சங்கீதத்தில் இது கிடையாது. அங்கே ஒரே சுருதியின் மேல் மெட்டு தனியாக நடந்து செல்லும். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிகளுக்கு இடம் தந்த பிறகு கோயில்களில் தமிழ்ப் பாடல்கள் பெருகின. பல இடங்களில் கிட்டாரும் பின்னர் கீபோர்டும் வந்து சேர்ந்தன. அவற்றோடு கார்டுகளும் வந்தன.

எங்களுக்கு வாய்த்த வேலை இதுதான். முன்பு எங்கள் பள்ளியில் இசை கற்பித்த சிஸ்டர் ஒருவர் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆண்டு விழாவுக்காக ஒரு நன்றிப் பாடல் இயற்றினார்கள். சுரக் குறிப்பு எதுவும் இல்லை. சொற்கள் பழைய மாணவியர் சிலருக்கு மனப்பாடம்; எங்களில் இருவருடைய அம்மாக்களுக்கும் தெரியும். சிஸ்டர் இறைவனில் இளைப்பாறத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேசட். அதில் பத்துப் பன்னிரண்டு சிறுமியரின் குரல், ஒரு கிட்டார், தொலைவில் ஒரு காக்கை. இந்த ஆண்டு விழாவில் அந்தப் பாடலை மீண்டும் பாட வேண்டும் என்று தலைமைச் சகோதரி விரும்பினார்கள். மெட்டு இரண்டு முறை கேட்டதும் வாயில் வந்துவிட்டது. கிட்டார் என்ன வாசிக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நாடாவோ இன்னும் நாலு முறை ஓட்டினால் அறுந்துவிடும் போலிருந்தது. பங்கில் ஒலிபெருக்கி வைக்கும் அண்ணன் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றித் தந்தார். நாங்கள் எழுதி வைக்கும் கார்டுத் தாளைப் பார்த்துத்தான் இனிமேல் வருகிறவர்கள் வாசிப்பார்கள் என்று இசை சிஸ்டர் சொன்னபோதுதான் எங்களுக்குச் சற்றுப் பயம் வந்தது.

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது யாவரும் அறிந்த விதி. ஆகவே சிஸ்டரின் கைப்பேசியே பொதுச் சொத்தாயிற்று. முதல் நாளே பாடலை ஒரு செயலியில் போட்டோம். மூன்று நிமிடப் பாடலுக்கு அரை நிமிடத்தில் விடை வந்தது. கைதட்டினோம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கிட்டார் வாசிக்கத் தொடங்கியதும் கைதட்டல் நின்றது. முதல் இரண்டு அடிகள் அழகாகப் பொருந்தின. பிறகு டி மேஜர் என்றது, உடனே பி மைனர் என்றது, மறுபடி டி என்றது. குரல் சற்று அசைந்த இடங்களிலெல்லாம் புதுக் கார்டு முளைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிச் சரணம் முழுவதும் ஈ ஃபிளாட் என்று காட்டியது. இரண்டு கட்டையில் தொடங்கிய பாட்டு இரண்டரைக் கட்டையில் முடிந்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது!

அது ஏன் அப்படிச் செய்கிறது என்று எங்கள் கணித ஆசிரியையிடம் போய் நின்றோம். அவர்கள் சொன்னதையும் நாங்கள் நூலகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். எவ்வளவு சிக்கலான ஒலியையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம். இதற்கான கணக்கைத் தந்தவர் ஜோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர். 1768-இல் பிறந்த இவர் இளமையில் குருத்துவ வாழ்வை நாடிப் பெனடிக்ட் சபை மடம் ஒன்றில் நவசந்நியாசியாக இருந்தவர். 1789-இல் வார்த்தைப்பாடு கொடுக்காமலே வெளியேறினார். அவர் ஆராய்ந்தது இசையை அன்று, வெப்பம் பரவும் விதத்தை. அது பற்றிய நூல் 1822-இல் வெளிவந்தது. 1965-இல் கூலி, டியூக்கி என்ற இரண்டு அமெரிக்கர் அந்தக் கணக்கை மிக விரைவாகப் போடும் வழி ஒன்றை வெளியிட்டார்கள். இன்று கைப்பேசி ஒரு விநாடிக்குள் பலமுறை அதைப் போட்டு முடிக்கிறது.

அலைகளைப் பிரித்தபின், எந்த ஸ்தாயியில் வந்தாலும் ஸ-வை ஸ என்றே கொண்டு, பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு பெட்டிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஒலி விழுந்தது என்று செயலி பார்க்கிறது. தகுயா ஃபுஜிஷிமா என்ற ஜப்பானியர் 1999-இல் இந்த வழியில் கார்டுகளை அப்போதைக்கப்போதே கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். பின்வந்த நிரல்கள் பல, ஏற்கெனவே கார்டு குறித்துவைத்த ஏராளமான பாடல்களைக் கேட்டுப் பழகியவை. ஆனாலும் எளிய செயலிகளிடம் இருக்கும் விடைகள் பெரும்பாலும் இருபத்துநான்கே: பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர். அவற்றோடு ‘கார்டு இல்லை’ என்று ஒன்று. இருபத்தைந்தாவது விதமாக ஒன்று ஒலித்தால், அருகிலுள்ள பெட்டி எதுவோ அதில் தள்ளிவிடும்.

டி மேஜரிலும் பி மைனரிலும் இரண்டு சுரங்கள் பொது. அதனால்தான் அது அங்குமிங்கும் தாவியது. இன்னொரு சங்கடமும் உண்டு. தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்தால், மீட்டாத காந்தாரம் தானாகவே கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஒவ்வொரு கம்பியும் தன் சுரத்தோடு அதன் பஞ்சமத்தையும் காந்தாரத்தையும் மெல்லிதாக உடன் ஒலிப்பதுதான் காரணம். ஒற்றைச் சுரத்துக்குள்ளேயே ஒரு மேஜர் கார்டு ஒளிந்திருக்கிறது! நம் காது அதை அந்தச் சுரத்தின் குணமாக எடுத்துக்கொள்கிறது. பெட்டிகளோ அதையும் தனிச் சுரங்களாகவே எண்ணிவிடக்கூடும். மைனர் கார்டில் இதனால் மேஜர் வாடை வீசும். நல்ல செயலிகள் இதற்குத் திருத்தம் செய்கின்றன. கேசட்டின் இரைச்சலுக்குள் அந்தத் திருத்தமும் திணறுகிறது.

காதுக் கட்சிக்கு இசை சிஸ்டரே தலைவி. அவர்கள் முதலில் கார்டைத் தேடவே விடவில்லை. “பாட்டு எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறது? அதை முனகுங்கள்” என்றார்கள். அதுதான் வீடு. வீட்டைக் கண்டுபிடித்தபின், கிட்டாரின் தடித்த கம்பிகளில் கேட்கும் அடிச்சுரத்தை மட்டும் பின்தொடர்ந்து முனக வேண்டும். மேலே என்ன நடந்தாலும் கவனிக்கக் கூடாது. அடுத்து, வீட்டை விட்டுப் போகிற கார்டு எது, வீட்டுக்குத் திரும்பத் துடிக்கிற கார்டு எது என்று கேட்க வேண்டும். டி-யில் அமைந்த பாட்டுக்கு ஏ செவன்த் வந்துவிட்டால் அடுத்து டி-தான் வரவேண்டும் என்று காது பிடிவாதம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் மேஜரா மைனரா என்ற விசாரணை. இதைத் தினமும் மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் செய்தோம். முதல் வாரம் எங்களில் பலருக்கு அடிச்சுரம் என்பதே கேட்கவில்லை, குரல்தான் கேட்டது. மூன்றாம் வாரம் பேருந்தில் போடுகிற பாட்டிலெல்லாம் அடிச்சுரம் மட்டுமே கேட்டு, பாட்டின் சொற்கள் கேட்காமல் போயின. அதுவும் ஒரு தொல்லைதான்.

காதைப் பழக்கும் இந்த வழிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் கீதோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி, திருமுழுக்கு யோவான் பேரில் உள்ள ஒரு லத்தீன் கீதத்தின் அடிகள் ஒவ்வொன்றும் ஒரு சுரம் மேலேறித் தொடங்குவதைப் பயன்படுத்தி, அவற்றின் முதல் அசைகளையே சுரப் பெயர்களாகப் பாடகர்களுக்குக் கற்பித்தார். இன்றைய ‘டோ ரே மீ’ அதிலிருந்து வந்ததே. 1770-ஆம் ஆண்டு புனித வாரத்தில் பதினான்கு வயது மொசார்ட், உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அல்லெக்ரி அமைத்த ‘மிசெரேரே’யைக் கேட்டுவிட்டு நினைவிலிருந்தே எழுதியதாக அவர் தந்தை வீட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லியே எங்களைப் பயமுறுத்துவார்கள். ஆனால் அந்தப் பாடலில் ஒரே இசை வசனத்துக்கு வசனம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்!

கடைசிச் சரணத்தின் ஈ ஃபிளாட் மர்மத்துக்கு வருகிறோம். ‘சரணத்துக்குச் சுருதியை ஏற்றிப் பாடியிருக்கிறார்கள், சினிமாப் பாட்டில் செய்வதில்லையா?’ என்றது கைப்பேசிக் கட்சி. எங்கள் கிட்டார்க்காரி ஒப்புக்கொள்ளவில்லை. டி கார்டில் கிட்டாரின் நாலாவது கம்பியை விரல் வைக்காமல் திறந்து மீட்டுவோம். அது மணிபோல் நீளமாக ஒலிக்கும். ஈ ஃபிளாட்டுக்கு அப்படித் திறந்த கம்பி கிடையாது. எல்லாவற்றையும் விரலால் அழுத்த வேண்டும், ஒலி சுருங்கிவிடும். கேசட்டின் கடைசிச் சரணத்திலோ திறந்த கம்பியின் மணியோசை அப்படியே இருக்கிறது. விரல் டி-யில் இருக்க, ஒலி ஈ ஃபிளாட்டில் இருப்பது எப்படி?

கடிகாரம் வைத்துப் பார்த்தோம். முதல் சரணம் அறுபத்தெட்டு விநாடி. அதே அளவுள்ள கடைசிச் சரணம் அறுபத்துநான்கு விநாடி. அரைச் சுரம் ஏறுவதென்றால் அதிர்வு சுமார் ஆறு சதவீதம் கூட வேண்டும். நேரமும் அதே விகிதத்தில்தான் குறைந்திருந்தது. குரல்களும் அங்கே மெலிந்து, இன்னும் சிறிய பிள்ளைகள் பாடுவதுபோல் கேட்டன. கணித ஆசிரியை சிரித்துவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருப்பார்கள். செல் தீரத் தீர நாடா மெதுவாக ஓடியிருக்கும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு போகப் போக வேகமும் சுருதியும் ஏறும்.

இதைச் செயலி ஒருநாளும் சொல்லியிருக்காது. அது சொன்ன ஈ ஃபிளாட் பொய்யும் அன்று. கேசட்டில் இருக்கிற ஒலி ஈ ஃபிளாட்டேதான். ஆனால் அங்கே யாரும் ஈ ஃபிளாட் வாசிக்கவில்லை. அண்ணன் கணினியில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கடைசிவரை டி-யிலேயே நிற்கும்படி செய்து தந்தார். அதை மறுபடி செயலியில் போட்டபோது அது பாதிக்கு மேல் எங்கள் தாளோடு ஒத்துப்போயிற்று.

கைப்பேசிக் கட்சியை அதோடு தள்ளிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பல்லவியின் மூன்றாவது அடியில் எங்களில் ஆறு பேருக்கு ஜி மேஜர் கேட்டது. ஏழு பேருக்கு ஈ மைனர் கேட்டது. இரண்டிலும் ஜி-யும் பி-யும் பொது. நாலு நாள் சண்டை. அப்போதுதான் கைப்பேசிக் கட்சியினர் வேறொரு நிரலைக் கொண்டுவந்தார்கள். கலந்து கிடக்கும் பதிவிலிருந்து குரலைத் தனியாகவும் வாத்தியத்தைத் தனியாகவும் அது பிரித்துத் தருகிறது. 2019-க்குப் பிறகு இத்தகைய நிரல்கள் யாருக்கும் கிடைக்கும்படி ஆகிவிட்டன. குரலை நீக்கிவிட்டு, சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டோம். அப்பப்பா! மூடுபனி விலகியது போலிருந்தது. முதல் இரண்டு தட்டுக்கு அடியில் ஜி. அடுத்த இரண்டு தட்டுக்கு அடியில் ஈ. ஆறு பேர் கேட்டதும் இருந்தது, ஏழு பேர் கேட்டதும் இருந்தது. இயந்திரத்திடம் விடையைக் கேட்பதைவிட, நாம் கேட்பதற்கு வசதியாகப் பாட்டைப் பிரித்துக் கொடு என்று கேட்பது நல்லது என்று எங்களுக்குத் தோன்றியது. கைப்பேசிக் கட்சியிலும் சிலர் இதை ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் அல்லர்.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1964-இல் வெளியிட்ட ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ என்ற பாட்டு ஒரே ஒரு கார்டோடு தொடங்குகிறது. இரண்டு மூன்று விநாடிதான். அது என்ன கார்டு என்று இசைக்காரர்கள் பல்லாண்டுகள் விவாதித்தார்கள். கனடாவில் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் 2004-இல் ஃபூரியேயின் கணக்கைக் கொண்டு அந்த ஒலியைப் பிரித்துப் பார்த்தார். வந்தது கார்டின் பெயர் அன்று. அதிர்வெண்களின் நீண்ட பட்டியல். ஒரே எஃப் சுரத்துக்கு மிக நெருக்கமாக மூன்று அதிர்வெண்கள் இருந்தன. பியானோவில் அந்தப் பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள் உண்டு என்ற அறிவைக் கொண்டு, கிட்டார்களோடு பியானோவும் ஒலிக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அவர் சொன்ன சுரப் பகிர்வை எல்லோரும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்ந்தது. எண்கள் கிடைத்தபிறகும் வாத்தியத்தை அறிந்த ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்ததே என்று எங்கள் கிட்டார்க்காரிக்கு ஏகப்பட்ட பெருமை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் தேர்ந்த இசைஞர் நால்வரிடம் ஐம்பது பாடல்களைத் தந்து கார்டு எழுதச் சொன்னார்கள். நால்வரும் ஒரேமாதிரி எழுதவில்லை. அதைப் படித்தபிறகு எங்கள் ஆறுக்கு ஏழு சண்டை எங்களுக்கே கௌரவமாகத் தோன்றியது.

இனி ஒரே ஓர் இடம்தான் பாக்கி. பல்லவியின் முடிவில் வீட்டுக்கு வந்தபிறகு, கிட்டார் டி-யைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் வேறெங்கோ பார்ப்பதுபோல் ஒரு ஒலி. செயலி எத்தனை முறை கேட்டாலும் ‘டி’ என்றே சொன்னது. காதுக் கட்சியில் சிலர் ஏ என்றார்கள், சிலர் ஈ மைனர் என்றார்கள், இசை சிஸ்டர் கீபோர்டில் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு, “மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. காந்தாரத்தையே காணோம்” என்றார்கள். நாங்கள் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தோம்.

அந்தக் கிட்டாரை வாசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது அக்டோபரில்தான் தெரிந்தது. மாணவி ஒருத்தியின் அம்மா கேசட்டைக் கேட்டுவிட்டு, “இது அந்தச் சிஸ்டர் கை” என்றார்கள். பணி ஓய்வு பெற்று, முதிய சகோதரிகளுக்கான இல்லத்தில் இருக்கிறார்கள். கண் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. விரல் மூட்டுகளில் வாதம். ஒரு சனிக்கிழமை இசை சிஸ்டரோடு நாங்கள் ஐந்து பேர் கிட்டாரும் தாளுமாகப் போனோம். அவர்களுக்குக் கார்டுகளின் பெயர் ஒன்றும் நினைவில்லை. “பேரெல்லாம் உங்கள் பழைய சிஸ்டருக்குத்தான் தெரியும், பிள்ளைகளா. எனக்கு விரல் வைக்கிற இடம்தான் தெரியும்” என்றார்கள்.

நாங்கள் பாடினோம். ஜி-யும் ஈ மைனரும் அடுத்தடுத்து வந்த இடத்தில் தலையை ஆட்டினார்கள். பல்லவி முடிவில், கேள்விக்குறி வந்த இடத்தில், செயலி சொன்ன டி-யை வாசித்துக் காட்டினோம். “இது இல்லை.” ஏ-யை வாசித்தோம். “இல்லை.” பிறகு கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். விரல்கள் மடங்கச் சிரமப்பட்டன. ஒவ்வொன்றாகத் தடவி டி-யைப் பிடித்தார்கள். கடைசிக் கம்பியில் இருந்த நடுவிரலை மட்டும் தூக்கினார்கள். அதே ஒலி! காந்தாரம் போய் அந்த இடத்தில் ரிஷபம் வந்திருந்தது. டி சஸ் டூ என்று புத்தகங்களில் எழுதுவார்கள். இருபத்துநான்கு பெட்டிகளில் இதற்கு இடமில்லை.

ஏன் சிஸ்டர் அங்கே விரலைத் தூக்கினீர்கள் என்று ஆவலோடு கேட்டோம். “வலித்தது” என்றார்கள். ஒத்திகை இரண்டு மணி நேரம் நடந்ததாம். விரல் வலி தாங்காமல் அடி முடிகிற இடத்தில் ஒரு விரலுக்கு ஓய்வு கொடுத்தார்களாம். பாட்டை இயற்றிய சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று பயந்தால், “நன்றாயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் தூக்கு” என்று சொல்லிவிட்டார்களாம். அன்று மின்சாரம் இல்லை என்பதும், டேப் ரெக்கார்டர் செல்லில்தான் ஓடியது என்பதும் நாங்கள் கேட்காமலே அவர்கள் வாயிலிருந்து வந்தன. கணித ஆசிரியையிடம் ஓடிப்போய்ச் சொன்னோம்.

ஆண்டு விழாவில் பாடல் பாடப்பட்டது. பழைய மாணவியர் மூன்றாவது வரிசையிலிருந்து சேர்ந்து பாடினார்கள்; எங்களைவிடச் சற்று வேகமாகப் பாடினார்கள்; கேசட்டைக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ. பெரிய சிஸ்டரால் வர முடியவில்லை. இல்லத்துக்குக் கைப்பேசி வழியாகப் பாட்டை அனுப்பினோம். பல்லவி முடிகிற இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினார்கள் என்று அங்குள்ள சகோதரி சொன்னார்கள்.

கார்டுத் தாள் இப்போது இசை அறை அலமாரியில், பச்சை உறைக்குள் இருக்கிறது. ஓரத்தில், எது காதால் கேட்டது, எது நிரலின் உதவியோடு கேட்டது, எது பெரிய சிஸ்டர் சொன்னது என்று மூன்று நிறப் பென்சிலால் குறித்திருக்கிறோம். கேசட்டின் மறுபக்கத்திலும் ஒரு பாட்டு இருக்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது, கிட்டார் இல்லை, குரல் மட்டும்தான். செயலியில் போட்டுப் பார்த்தோம். தொடக்கம் முதல் முடிவு வரை ‘கார்டு இல்லை’ என்று எழுதியது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதைத் தொடங்கப் போகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து புதிதாக நாலு பேர் சேர்கிறார்கள்.